விற்பனை விலையும் கழிவும்: மலேசிய இஸ்லாமிய வங்கிச் செயல்பாடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2006-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் அஃபின் வங்கியின் வீட்டு நிதி வழக்கு ஒன்று முடிவுக்கு வந்தது. வங்கி வீட்டை வாடிக்கையாளருக்கு விற்ற விலை 992,363.40 ரிங்கிட். 25 ஆண்டுகளில் தவணையாகக் கட்ட வேண்டிய தொகை இது. அவர் கட்டியிருந்தது 33,454.19 ரிங்கிட். தவணை நின்றதும், முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 958,909.21 ரிங்கிட்டை வங்கி கேட்டது.

கணக்கில் பிழை ஏதும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைத்தான் வங்கி கேட்டது. ஆனால் 25 ஆண்டில் பெரும்பகுதி இன்னும் வரவே இல்லை. வராத ஆண்டுகளின் லாபத்தையும் இன்றே எப்படிக் கேட்க முடியும் என்பது நீதிபதியின் கேள்வி. முடியாது என்று தீர்ப்பளித்துத் தொகையைப் பெருமளவு குறைத்தார். இதே நிலையில் ஒரு வழமையான வங்கி இருந்திருந்தால் மீதமுள்ள அசல், அன்றுவரை ஏறிய வட்டி, தாமதக் கட்டணம் ஆகியவற்றை மட்டுமே கேட்டிருக்கும். வட்டியைத் தவிர்க்க உருவான ஏற்பாட்டில் வாடிக்கையாளர் வட்டிக் கடனில் இருப்பதைவிட மோசமான இடத்தில் நின்றார் என்பதே இந்த வழக்கின் உறுத்தல். அதை எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

அப்போது நடைமுறையில் இருந்த முறை பாய் பிதாமான் அஜில். வாடிக்கையாளரின் வீட்டை வங்கி ரொக்க விலைக்கு வாங்கும். உடனே கூடுதல் விலைக்குத் தவணையில் அவருக்கே திருப்பி விற்கும். விற்பனை முடிந்த கணத்தில் முழு விலையும் கடனாகிவிடும். முன்கூட்டியே முடித்தாலோ தவணை தவறினாலோ எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பது வங்கியின் விருப்பம். இந்த விட்டுக்கொடுப்புக்கு இப்ரா என்று பெயர். விருப்பமாக இருந்ததால் அதைக் கணக்கிடும் கட்டாயம் எந்தக் கணினிக்கும் எந்த அலுவலருக்கும் இல்லை.

2008-இல் உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய விற்பனை உண்மையான விற்பனைதானா என்றே கேட்டது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இது விற்பனை ஒப்பந்தம், கடனோடு ஒப்பிடக் கூடாது என்றது. அதே ஆண்டு வந்த மத்திய வங்கிச் சட்டம், ஷரியா எனப்படும் இஸ்லாமியச் சட்டநெறி பற்றிய கேள்விகளில், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஷரியா ஆலோசனை மன்றம் சொல்வது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்று வகுத்தது. 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் அந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தியது. வங்கிச் செயல்பாட்டைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரிய மாற்றம் வேறொன்று: விற்பனை அடிப்படையிலான நிதியில் இப்ராவை ஒப்பந்தத்திலேயே எழுதியாக வேண்டும் என்று பேங்க் நெகாரா கட்டாயமாக்கியது. விருப்பமாக இருந்த ஒன்று கடமையாயிற்று. கடமையான பிறகு அதைக் கணினி ஒவ்வொரு நாளும் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

ஒரே வீடு, இரண்டு பேரேடுகள்

எடுத்துக்காட்டாக 400,000 ரிங்கிட், 25 ஆண்டு, 300 தவணை, இன்றைய விகிதம் ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரு வங்கியிலும் மாதத் தவணை 2,111.35 ரிங்கிட். மொத்தம் கட்டுவது சுமார் 633,405. வாடிக்கையாளரின் கைக்கு வரும் தவணை அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடே தெரியாது. இதைக் காட்டித்தான் இரண்டும் ஒன்று என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பேரேட்டைத் திறந்தால் கதை வேறு.

வழமையான வங்கியின் பேரேட்டில் இருப்பது 400,000 அசல். வட்டி நாள்தோறும் ஏறும். அடிப்படை விகிதம் உயர்ந்தால் ஒரு கடிதம் போதும், தவணை மாறும். ஒப்பந்தத்தில் அதற்கு உரிமை இருக்கிறது, மேல் வரம்பு தேவையில்லை.

இஸ்லாமிய வங்கியில் விற்ற விலையைப் பிறகு ஏற்ற முடியாது. அதனால் விகிதம் மாறக்கூடிய நிதியில் முதலிலேயே உச்ச விகிதம் ஒன்றை வைத்து விலையை நிர்ணயிக்கிறார்கள். உச்சம் 10 சதவீதம் என்றால் அதே 400,000-க்கு விற்பனை விலை 1,090,440 ரிங்கிட். ஒப்பந்தத்தில் நிற்கும் எண் இதுதான். ஒவ்வொரு மாதமும் உச்ச விகிதத்துக்கும் நடப்பு விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை வங்கி இப்ராவாகக் கழிக்கிறது. நடப்பு விகிதம் கூடினால் விலை ஏறாது, கழிவு குறையும். 25 ஆண்டும் 4 சதவீதமே நீடித்தால் மொத்தக் கழிவு 457,035 ரிங்கிட்.

ஐந்தாம் ஆண்டு முடிவில் வாடிக்கையாளர் கணக்கை முடிக்க வருகிறார். 60 தவணையில் 126,681 ரிங்கிட் கட்டியிருக்கிறார். வழமையான வங்கி சொல்லும் மீதி சுமார் 348,419. இஸ்லாமிய வங்கியின் பேரேட்டில் விற்பனை விலையின் மீதி 963,759. கடந்த மாதங்களின் கழிவும் சேர்த்து அதில் 615,340 ரிங்கிட் இப்ரா. கட்ட வேண்டியது அதே 348,419. அந்த 615,340-ஐக் கணக்கிடும் நிரல் வரி பழுதானால், அல்லது தவணை நின்று கணக்கு ‘செயலற்ற நிதி’ என்று மாறும்போது இப்ரா நின்றுபோகும்படி யாரேனும் அமைத்திருந்தால், வசூல் கடிதத்தில் 963,759 அச்சாகும். புதிய மென்பொருள் ஏற்கும்போது முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது. வழக்கமான கணக்கு, 90 நாள் பாக்கி உள்ள கணக்கு, வழக்குக்குப் போன கணக்கு, தவணைக் காலம் மாற்றப்பட்ட கணக்கு ஆகிய நான்கிலும் முடிப்புத் தொகை எடுத்துக் கையால் போட்ட கணக்கோடு ஒப்பிட வேண்டும். முதல் வகையில் பெரும்பாலும் சரியாக வரும். மூன்றாவதிலும் நான்காவதிலும்தான் சிக்கும்.

சரக்கு கைமாறும் வரிசை

பாய் பிதாமான் அஜிலின் இடத்தை இன்று பெரிதும் பிடித்திருப்பது தவர்ருக் முறை. விற்கப்படுவது வீடு அல்ல, ஒரு சரக்கு. மலேசியாவில் 2009-இல் தொடங்கிய பூர்சா சூக் அல்-சிலா என்ற மின்சந்தையில் கச்சா பாமாயில் போன்ற சரக்குகள் இதற்காகவே வாங்கி விற்கப்படுகின்றன. வழமையான வங்கியில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அடமானம் பதிவாகி, பணம் போனால் வேலை முடிந்தது. தவர்ருக்கில் ஒப்பந்தத்துக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு வணிகம் நடந்தாக வேண்டும்.

முதலில் வாடிக்கையாளர் சரக்கை வாங்குவதாக உறுதி தருகிறார். தன் சார்பில் அதை விற்க வங்கியை வகாலா முறையில் முகவராக நியமிக்கிறார். பிறகு வங்கி ஒரு தரகரிடம் 400,000 ரிங்கிட் மதிப்புள்ள பாமாயிலை ரொக்கத்துக்கு வாங்குகிறது. உரிமைச் சான்றிதழ் வருகிறது. அதில் எண், அளவு, தொகை, நேரம் எல்லாம் இருக்கும். சரக்கு வங்கியின் கைக்கு வந்த பிறகே, அதை 1,090,440 ரிங்கிட்டுக்குத் தவணையில் வாடிக்கையாளருக்கு விற்கிறது. ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்க வேண்டும். இப்போது சரக்கு வாடிக்கையாளருடையது. விரும்பினால் அவர் அந்த எண்ணெயை நேரில் எடுத்துக்கொள்ளலாம். சந்தை விதிகளில் அதற்கு இடம் உண்டு. அவர் வேண்டாம் என்றால் முகவராகிய வங்கி வேறொரு தரகருக்கு 400,000-க்கு விற்கிறது. அந்தப் பணம்தான் வீட்டை விற்பவரின் வழக்கறிஞருக்குப் போகிறது.

எல்லாம் மின்வழியே நடப்பதால் முழுச் சுற்றும் சில நிமிடங்களில் முடியும். விரைவே ஆபத்து. அலுவலருக்கு இது ஒரு பொத்தான். ஷரியா பார்வையில் இது நான்கு தனித்தனிச் செயல்கள், ஒவ்வொன்றும் முந்தையது முடிந்த பிறகே செல்லும்.

எங்கே உடைகிறது?

மாதக் கடைசியில், சந்தை மூடிய பிறகு, வழக்கறிஞருக்கு இன்றே பணம் போக வேண்டும் என்ற நெருக்கடி வரும். பணத்தை விட்டுவிட்டு மறுநாள் காலை சரக்கு வாங்குவார்கள். பணம் போன அந்த நொடியில் அது வெறும் கடன்; மறுநாள் வணிகத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது. இன்னொன்று தொகைப் பொருத்தமின்மை. 400,000-க்குச் சரக்கு வாங்கிய பின், வீட்டு நிதிக்கான தகாஃபுல் (இஸ்லாமியக் காப்பீடு) பங்களிப்பு 8,000-ஐயும் நிதியில் சேர்க்கும்படி வாடிக்கையாளர் கேட்கிறார். வழமையான வங்கியில் கடன் தொகையை 408,000 ஆக்கினால் போதும். இங்கே அந்த 8,000-க்குப் பின்னால் சரக்கே இல்லை. அதன்மேல் வரும் லாபத்துக்கு ஆதாரமும் இல்லை. அதற்குத் தனி வணிகம் வேண்டும், அல்லது தொடக்கத்திலேயே 408,000-க்கு வாங்கியிருக்க வேண்டும்.

வகாலா கடிதத்தின் தேதி வணிகத்துக்குப் பிந்தியதாக இருப்பது, ஒரே சான்றிதழ் எண் இரு கோப்புகளில் இருப்பது, விற்ற தரகருக்கே சரக்கு சுற்றித் திரும்புவது எல்லாம் தணிக்கையில் அகப்படும் வகைகள். கண்ணில் படாமல் நழுவுவது தொகுதிப் பிழை. 200 வணிகங்களை ஒரே கோப்பாகச் சந்தைக்கு அனுப்பும்போது ஒரு வரி நிராகரிக்கப்படுகிறது. வங்கியின் இடைமுகம் கோப்பு முழுவதையும் ‘வெற்றி’ என்று குறித்துக்கொள்கிறது. அந்த ஒருவருக்கும் பணம் போய்விடும். கடிகாரமும் கவனிக்கத்தக்கது. சந்தையின் கணினியும் வங்கியின் கணினியும் ஒரு நிமிடம் முன்பின்னாக ஓடினால், முறையாக நடந்த வணிகம்கூட ஆவணத்தில் தலைகீழாகத் தெரியும். அதன் பிறகு எது உண்மையான பிழை, எது கடிகாரப் பிழை என்று பிரிக்க ஒவ்வொரு கோப்பையும் திறக்க வேண்டிவரும்.

பயிற்சி வகுப்பும் சுற்றறிக்கையும் இதைத் தடுப்பதில்லை. இரண்டாம் விற்பனையின் சான்றிதழ் எண் பதிவாகாமல் பணம் விடுவிக்கும் திரையே திறக்கக் கூடாது; அந்தப் பூட்டைத் திறக்கும் அதிகாரம் கிளையில் யாருக்கும் இருக்கக் கூடாது. அன்றாட மாலையில் மூன்று பட்டியல்களை எதிரெதிரே வைக்க வேண்டும்: சந்தை தந்த வணிகப் பட்டியல், புதிய நிதிக் கணக்குகள், வெளியே போன பணம். எண்ணிக்கையும் தொகையும் மூன்றிலும் ஒன்றாக வர வேண்டும். ஷரியா ஆய்வுப் பிரிவு மாதிரிக்கு எடுக்கும் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியவை நியமனம், வாங்கியது, விற்றது, மறுவிற்பனை, பணம் என்ற ஐந்து நேரங்களும் ஏறுவரிசையில் இருக்கின்றனவா என்பதே. மற்ற கேள்விகள் அதற்குப் பிறகு.

பிழை தெரிந்த அன்று

வழமையான வங்கியில் ஓர் ஆவணப் பிழையைச் சரிசெய்து, உள்தணிக்கைக் குறிப்பு எழுதி மூடிவிடலாம்; வட்டி வருமானம் வருமானமாகவே இருக்கும். மலேசியாவின் 2013 இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவு வேறு மாதிரிப் பேசுகிறது. ஷரியாவுக்கு ஒவ்வாத செயல் என்று தெரிந்தவுடன் பேங்க் நெகாராவுக்கும் வங்கியின் ஷரியா குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த வகை வணிகத்தை உடனே நிறுத்த வேண்டும். 30 நாளுக்குள் திருத்தத் திட்டம் தர வேண்டும். மீறினால் எட்டு ஆண்டு வரை சிறை, 25 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பணத்தின் கணக்கும் வலிக்கும். 400,000 நிதியில் முதல் மாத லாபம் 1,333 ரிங்கிட். மேலே சொன்ன இடைமுகப் பிழை 300 கணக்குகளைத் தொட்டு ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தால், கிட்டத்தட்ட 2 மில்லியன் ரிங்கிட்டை வருமானத்திலிருந்து எடுக்க நேரலாம். அதை வாடிக்கையாளருக்குத் திருப்புவதா, அறப்பணிக்குத் தருவதா என்பதை ஷரியா குழு முடிவு செய்யும். அசல் கடன் அப்படியே நிற்கும். புதிதாகச் சரக்கு வணிகம் செய்து, வாடிக்கையாளரின் ஒப்புதலோடு அன்றிலிருந்து லாபம் தொடங்கும். ஆகவே இஸ்லாமிய வங்கியில் செயல்பாட்டு இடர் என்பது மோசடியும் மின்தடையும் மட்டும் அல்ல. கையெழுத்தின் வரிசை தவறினால் வருமானமே போய்விடும்.

தாமதக் கட்டணத்தில் தொகை சிறியது, தவறு எளிது. 2,111.35 ரிங்கிட் தவணை 90 நாள் பாக்கி என்றால், ஆண்டுக்கு 1 சதவீதக் கணக்கில் 5.21 ரிங்கிட் வரும். இழப்புக்கு ஈடாக வாங்கும் பகுதியான தஅவீத்தை வங்கி தன் வருமானத்தில் சேர்க்கலாம். தண்டமாக வாங்கும் கராமா அறப்பணிக்குப் போக வேண்டும். எதுவும் அசலோடு சேர்ந்து மறுபடி லாபம் ஈட்டக் கூடாது. ஒரே குழுமத்தின் வழமையான வங்கியும் இஸ்லாமிய வங்கியும் கிளைகளையும் கணினியையும் பகிர்ந்துகொள்ளும் மலேசியாவில், தாமதக் கட்டணம் தாய் வங்கியின் வழக்கப்படி நேராக வருமானக் கணக்கில் விழுவது நடக்கக்கூடியது. பேரேட்டுக் கணக்கு எண்களை இரு வங்கிக்கும் தனித்தனியே அமைப்பதைச் செலவு என்று தள்ளிப்போடுவது தவறான சிக்கனம்.

வைப்புப் பக்கம்

வழமையான வங்கியின் நிலை வைப்பு வாடிக்கையாளர் வங்கிக்குத் தரும் கடன். விகிதம் முன்பே தெரியும். 2013 சட்டம் இஸ்லாமிய வங்கிகளின் வைப்பை இரண்டாகப் பிரித்தது. அசலுக்கு உத்தரவாதம் உள்ளது இஸ்லாமிய வைப்பு. லாப நட்டத்தோடு ஏறி இறங்குவது முதலீட்டுக் கணக்கு. முதல் வகைக்கு மலேசிய வைப்புக் காப்பீட்டுக் கழகமான பிடிம் ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 ரிங்கிட் வரை பாதுகாப்பு தருகிறது. வழமையான வைப்புக்கும் இஸ்லாமிய வைப்புக்கும் அந்த வரம்பு தனித்தனி. முதலீட்டுக் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை முகப்பில் இருப்பவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், விற்பனையின் முதல் நாளே அநீதி நடந்துவிடுகிறது.

முதலீட்டுக் கணக்கில் மாத இறுதிக் கணக்கு இப்படிப் போகும். ஒரு நிதித்தொகுப்பு 100 மில்லியன் ரிங்கிட். அதில் வாடிக்கையாளர்களுடையது 90, வங்கியுடையது 10. அந்த மாதம் தொகுப்பு ஈட்டியது 480,000. வாடிக்கையாளர் பணத்துக்கு உரியது 432,000. ஒருவர் பணம் போட மற்றவர் நிர்வகித்து லாபத்தைப் பகிரும் முதாரபா ஒப்பந்தத்தில் பங்கு 60க்கு 40 என்றால் அவர்களுக்கு 259,200. ஆண்டுக் கணக்கில் 3.456 சதவீதம். இந்த எண் மாதம் முடிந்த பிறகே தெரியும். எந்தச் சொத்து எந்தத் தொகுப்பில் எந்தத் தேதியிலிருந்து இருந்தது என்ற பதிவில்தான் தில்லுமுல்லுக்கு இடம் உண்டு. நல்ல வருமானம் தரும் நிதியை மாத நடுவில் வங்கியின் சொந்தத் தொகுப்புக்கு மாற்றினால் வாடிக்கையாளரின் பங்கு சத்தமில்லாமல் குறையும். எனவே தொகுப்புகளுக்கிடையே நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலையும் காரணமும் ஒப்புதலும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பணப்புழக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வழமையான வங்கி மாலையில் பணம் போதாவிட்டால் இன்னொரு வங்கியிடம் ஒரு இரவுக்கு வட்டிக்கு வாங்கும். இஸ்லாமிய வங்கிக்கு 1994 முதல் தனிச் சந்தை இருக்கிறது. அங்கும் சரக்கு முராபஹா (வாங்கிய விலையோடு லாபம் சேர்த்து விற்பது), முதாரபா முதலீடு போன்ற வழிகள்தாம். தாய் வங்கியிடம் உபரி குவிந்திருந்தாலும் வட்டிக் கடனாக எடுக்க முடியாது. சரக்குச் சந்தை மூடும் நேரத்துக்கு முன்பே மாலைத் தேவையைக் கணித்துவிட வேண்டியிருப்பதால், கருவூலப் பிரிவின் நாள் வழமையான வங்கியைவிட முன்னதாகவே இறுகுகிறது.

2020: எல்லாக் கணக்கும் ஒரே நாளில் மாறியபோது

கோவிட் தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரல் 1 முதல் ஆறு மாதம் தவணைகளை ஒத்திவைக்க பேங்க் நெகாரா வழிசெய்தது. வழமையான வீட்டுக் கடனில் ஒத்திவைத்த மாதங்களின் வட்டி நிலுவையில் சேர்ந்து, அதன்மேல் வட்டி ஏறும் என்று அறிவிக்கப்பட்டது. இஸ்லாமிய நிதியில் லாபம் ஏறும், ஆனால் லாபத்தின்மேல் லாபம் ஏறாது. மேலே கண்ட 400,000 ரிங்கிட் நிதி அப்போதுதான் தொடங்கியிருந்தால், ஆறு மாத லாபம் கூட்டு இல்லாமல் 8,000 ரிங்கிட். வழமையான கடனில் மாதக் கூட்டு வட்டியாக அது 8,067. ஆறு மாதத்தில் வேறுபாடு 67 ரிங்கிட்தான். அந்த 8,067-உம் அசலாகி மீதி 25 ஆண்டும் வட்டி ஈட்டும் என்பதில்தான் சுமை. இஸ்லாமிய வங்கி அந்த 8,000-ஐத் தனிக் கணக்கில் வைத்து, அதன்மேல் லாபம் ஓடாமல் காக்க வேண்டும். அசல் என்ற ஒரே புலத்தில் எல்லாவற்றையும் கூட்டிவிடும் மென்பொருளால் இது முடியாது.

விற்பனை விலையும் தவணையும் முன்பே உறுதி செய்யப்பட்ட நிலையான விகித இஸ்லாமிய நிதியில் இன்னொரு சிக்கலும் வந்தது. அட்டவணை மாறுவதற்கு வாடிக்கையாளரின் ஒப்புதல் வேண்டும். 2020 மே மாதம் இத்தகைய நிதிக்கும், 1967 வாடகைக் கொள்முதல் சட்டத்தின் கீழ் வரும் வாகனக் கடனுக்கும் வாடிக்கையாளர்கள் புதிய தவணை ஏற்பாட்டுக்கு ஒப்பமிட வேண்டியதாயிற்று. தானாகவே கிடைத்த சலுகைக்கு இப்போது ஏன் கையெழுத்து என்று மக்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்வி.

அதற்குச் செயல்பாட்டுத் துறை செய்யக்கூடியது, ஒப்பந்தம் எழுதும்போதே ஒத்திவைப்புக்கான விதியை வைப்பது: எந்த அறிவிப்பால் தொடங்கும், எத்தனை மாதம் வரை, லாபம் எந்தக் கணக்கில் ஏறும், ஒப்புதல் குறுஞ்செய்தியிலோ கைப்பேசிச் செயலியிலோ செல்லுமா, பதில் வராதவரின் நிலை என்ன என்று. அந்த விதியை ஷரியா குழு முன்பே பார்த்து ஏற்றிருக்க வேண்டும். ஒப்புதல் வந்த நேரத்தைக் கணினி தானே பதிந்து, பழைய அட்டவணையை அழிக்காமல் புதியதை அதன் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். பின்னால் முடிப்புத் தொகை கேட்கும் நாளில் இப்ராவை எந்த அட்டவணையிலிருந்து கணக்கிடுவது என்ற சர்ச்சை அப்போதுதான் எழாது.